வால் பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஒன்பது வருஷமாக விமானத்தோடு பழகுகிறேன். ஒரே ஒரு நாளைத் தவிர ஓட்டியதில்லை. வாலைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பொம்மை விமானம்தான். ஆனால் பொம்மை என்று சொன்னால் சின்னவர் முகம் சுருங்கிவிடும். ஸ்கேல் மாடல் என்று சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே, ஐந்தில் ஒரு பங்கு அளவில். இறக்கையைப் பூட்டினால் எங்கள் வீட்டுக் கட்டிலைவிட நீளம். மூக்கில் ஐம்பத்தைந்து சி.சி. பெட்ரோல் இன்ஜின், ஒரு மொபெட்டைத் தாராளமாக இழுக்கும். அதன் முன்னால் சுற்றுகிற மர விசிறியில் விரலை வைத்தால் விரல் இருக்காது. இன்ஜின் பிடித்துக்கொண்டதும் விமானம் முன்னால் பாயப் பார்க்கும். அதனால் ஒருவன் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வாலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் ரிமோட்டோடு தள்ளி நின்று இன்ஜினை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். அவர் தலையசைத்ததும் வாலை விட வேண்டும். விமானம் போகும். முட்டி போட்டவன் எழுந்து கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

முட்டி போட்டவன் நான். ரிமோட் வைத்திருந்தவர் எங்கள் முதலாளியின் தம்பி. கம்பெனியில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தையல் மெஷின் நின்றாலும், கம்ப்ரெசர் மூச்சு வாங்கினாலும், சோல் ஒட்டுகிற லைனில் ஹீட்டர் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்னவர் நல்ல மனுஷர். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். கத்தமாட்டார், கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார், என்னைத் தோஸ்த் என்று கூப்பிடுவார். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். தோஸ்த் என்று கூப்பிடுகிற முதலாளியிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மாட்டிக்கொண்டது என் வாயால்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கம்பெனியின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு காலத்தில் உப்புத் தோல் அடுக்கிவைத்த குடோன் ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. தோல் போய் வருஷக்கணக்கானாலும் வாடை போகவில்லை. உள்ளே சின்னவர் ஒரு குட்டி இன்ஜினைப் பலகையில் முடுக்கிவைத்து விசிறியைச் சுண்டிச் சுண்டிச் சலித்துப்போய் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேசாமல் போயிருக்கலாம். நான் நின்று, "சார், பெட்ரோல் ஜாஸ்தி குடிச்சிருக்கு. பிளக்கைக் கழட்டித் துடைச்சுட்டு, த்ராட்டிலை மொத்தமா தொறந்து சுத்துங்க" என்றேன். மூன்றாவது சுண்டலில் பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அன்றைக்கு அந்தக் கதவுக்குள் போனவன்தான் நான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்பது என் கையில் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஏரி, வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து பாளம் வெடித்துக் கிடக்கும். அனுமதி வாங்குவதெல்லாம் சின்னவர் பார்த்துக்கொள்வார். காற்று கிளம்புவதற்கு முன்னால் பறக்கவிட வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே வேன் வாசலில் ஹாரன் அடிக்கும். சபையில் ஆராதனை எட்டு மணிக்கு. என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு தனியாகப் போவாள். ஆயர் ஒரு நாள் கம்பெனி வாசலுக்கே வந்து, "ஊர்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். லைனில் இருக்கிற பெண்களுக்கு அது போதாதா? வால் புடிக்கிற மெக்கானிக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாலை நான் பிடித்தது உண்மை என்பதால் பதில் சொல்லவும் முடியவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இன்ஜின் வேலை எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் நான் தொடுகிற எல்லாமே ஓடிக்கொண்டிருந்து நின்றுபோன சாமான். நின்றதை ஓட வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இது அப்படியில்லை. புது இன்ஜினை மூக்குக்குள் இருக்கிற ப்ளைவுட் சுவரில் அளவெடுத்து முடுக்குவது, அதிர்வில் போல்ட் கழலாமலிருக்கப் பசை வைப்பது, டாங்கியில் பெட்ரோல் நுரை கட்டாமலிருக்க அதைச் சுற்றி ஷூவுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி அடைப்பது, கார்புரேட்டரின் இரண்டு திருகுகளையும் காதை வைத்துக்கொண்டே கால்வாசி கால்வாசியாகத் திருப்புவது. சத்தம் கரகரப்பிலிருந்து மெல்லத் தெளிந்து ஓர் இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தைத் தாண்டிவிடக் கூடாது, ஒரு நூல் முன்னாலேயே விட்டுவிட வேண்டும். விசிறியைச் சுண்டுவதற்குக் கையுறை வேண்டுமே என்று கட்டிங் செக்‌ஷனில் கழித்துப்போட்ட தோலில் நானே ஒன்று தைத்துக்கொண்டேன். வலது கைக்கு மட்டும். இப்போதும் அது என் டூல் பெட்டியில் கிடக்கிறது.

இந்த வருஷம் மே மாதம் என் மனைவிக்கு ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் நர்ஸ். அதுவரை தினமும் ரயிலில் வேலூர்ப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தாள். இங்கே வாங்கியதைவிட நல்ல சம்பளம், தங்க இடம், மகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இரண்டு பேரும் ஜூன் முதல் வாரமே போய்விட்டார்கள். ஓசூரில் ஜெனரேட்டர் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற ஒரு கம்பெனியில் எனக்கும் ஆளைப் பிடித்து, இன்டர்வியூவும் முடிந்து, எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இங்கிருந்து ரிலீவிங் லெட்டர் கொண்டுவர வேண்டும். முன்னே வேலைக்கு வந்த யாரோ ஒருவன் பழைய கம்பெனியோடு தகராறு பண்ணிவிட்டு வந்து இவர்களைக் கோர்ட் வரை இழுத்துவிட்டானாம். அதிலிருந்து லெட்டர் இல்லாமல் கேட்டுக்குள் விடுவதில்லை.

நான் எழுதிக்கொடுத்த ராஜினாமா எச்.ஆர். பெண்ணின் மேஜையில் கிடந்தது. அந்தப் பெண், "சின்னவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்ண்ணே, அஞ்சு நிமிஷத்துல டைப் பண்ணிக் குடுத்துடறேன்" என்றது.

சின்னவர் ஒரு வார்த்தை இல்லை, நிறைய வார்த்தை சொன்னார். "உன்னை நான் தடுப்பேனா தோஸ்த்? குடும்பம் அங்க இருக்குது, நீ போகத்தான் வேணும். இந்தப் புது பிளேன் மட்டும் ஒழுங்கா பறந்துடட்டும். அன்னிக்கே கையெழுத்து."

போனில் இதைச் சொன்னபோது மனைவி, "எழுதி வாங்குங்க. வாயால சொன்னது காத்தோட போய்டும்" என்றாள். முதலாளியிடம் போய் எழுதிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எனக்கு வாய் வரவில்லை. இன்ஜின் தெரிந்த அளவுக்கு எனக்கு வாய் தெரியாது.

புது விமானம் என்றது பழைய காலத்துப் போர் விமானம். மூக்கு உருண்டையாக, டிரம் மாதிரி இருக்கும். நிஜத்தில் அந்த உருண்டைக்குள் ஒன்பது சிலிண்டர் வட்டமாக நிற்குமாம். மாடலில் ஒன்பது சிலிண்டரும் பிளாஸ்டிக். கறுப்பும் வெள்ளியும் அடித்து, சின்னச் சின்ன ஒயர்கூடச் சுற்றி, பார்த்தால் அசல் என்றே சொல்வீர்கள். அந்த ஒன்பதுக்கும் பின்னால், வெளியே தெரியாமல், வேலை செய்கிற ஒரே ஒரு சிலிண்டர் ஒளிந்திருக்கும். அதைப் பொருத்த எனக்குப் பத்து நாள் ஆனது. எல்லாவற்றையும் மூடி மாட்டியதும் சின்னவர் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். இன்ஜின் இருப்பதே தெரியவில்லை என்று என் முதுகில் தட்டினார்.

முதல் ஞாயிறு ஏரியில் நான்கு நிமிஷம் அருமையாகப் பறந்தது. ஐந்தாவது நிமிஷம் சத்தம் தொய்ந்தது. நான் கேட்டேன், அவர் கேட்கவில்லை. "சார், எறக்குங்க" என்று கத்துவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. மிதந்து மிதந்து வந்து சீமைக்கருவேலப் புதரில் போய் உட்கார்ந்தது. சக்கரம் ஒன்று பிய்ந்துவிட்டது. சோல் ஒட்டுகிற லைனில் பசைச் சூட்டைப் பார்க்கிற துப்பாக்கி ஒன்று உண்டு, தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும். அதை நான் எடுத்துவந்திருந்தேன். சிலிண்டரைப் பார்த்து அமுக்கினேன். நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. முட்டை பொரிக்கலாம்.

"பரவால்ல தோஸ்த்" என்றார் சின்னவர். "நீ சரி பண்ணிடுவ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காற்று போதவில்லை, அதனால் சூடாகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முன்னால் ஒன்பது பிளாஸ்டிக் சிலிண்டரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் முதுகைக் குடைந்தேன். இடையிடையே அட்டை மாதிரி இருந்ததை வெட்டி எடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று கெஞ்சித்தான் சின்னவரைச் சம்மதிக்க வைத்தேன். முன்பக்கத் துவாரம் இரண்டு பங்கானது. குடோனுக்கு வெளியே விமானத்தை இரும்புத் தூணில் கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தேன். முன்னைவிட ஜாஸ்தி.

என் கண்ணையே நான் நம்பவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று நினைத்து லைனில் கொண்டுபோய்ப் பசையைச் சுட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது. சரி, பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று திருகைத் திறந்தேன். புகை கக்கியதே தவிர சூடு இறங்கவில்லை. பிளக் மாற்றினேன். விசிறியைச் சின்னதாக்கினேன். ஆயிலைக் கூட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிறு போனது. ஓசூர்க் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒண்ணாந்தேதிக்கு வரச் சொன்னவர்கள் பதினைந்தாம் தேதி வரை பார்ப்போம் என்றார்கள்.

அந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான் மகள் ஓசூரில் புதுச் சபைக் கொயரில் முதல் தடவையாகப் பாடினாள். தனியாக இரண்டு வரி. ஒரு வாரமாகப் போனில் அதைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிடலாம், கிருஷ்ணகிரி வழியாக மூன்று மணி நேரம்தான். பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். சின்னவர் வந்து, "நாளைக்குக் காத்து இருக்காதாம் தோஸ்த், போன்ல பார்த்தேன். டெஸ்ட் பண்ண இத விட்டா நாள் கெடைக்காது" என்றார். சீக்கிரம் பறந்தால் சீக்கிரம் விடுதலை என்று நான் கணக்குப் போட்டேன். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் மகள் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஏரி மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். சூடு நூற்றெண்பத்தைந்து. சின்னவர் மேல் வந்த கோபத்தைவிட என்மேல் எனக்கு வந்த கோபம்தான் பெரிசு. காலி வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்தை ஒரு டிபன் பாக்ஸ் மேல் காட்டினேன். அதில் இன்னும் நெளிசல் இருக்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை சோல் லைனில் கூச்சல். ஷூவின் மேல்பாகமும் சோலும் பசை தடவிய பிறகு ஒரு சூட்டுப் பெட்டிக்குள் போய் வரும். நீளமான தகரச் சுரங்கம், உள்ளே ஹீட்டரும் ஊதுகாற்றும். அதிலிருந்து வெளியே வந்த ஷூவெல்லாம் வதங்கிச் சுருங்கி வந்தது. ஹீட்டரைப் பார்த்தேன், சரி. ஊதுகிற ஃபேன், சரி. யாரோ ஃபேன் வேகத்தைக்கூடக் கூட்டி வைத்திருந்தார்கள், சூடு இறங்கட்டும் என்று. ஏணி போட்டு மேலே ஏறினேன். கூரைக்குப் போகிற புகைக்குழாயில் ஷூ அட்டைப் பெட்டியை மடித்துத் திணித்திருந்தது. முந்தின நாள் மழை ஒழுகியதென்று லைன்காரர் ஒருவர் அடைத்தாராம். சூடான காற்று வெளியே போக வழியில்லை. எவ்வளவு ஊதினாலும் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றுவிட்டேன். கீழே சூபர்வைசர், "இன்னாச்சுண்ணே, எறங்குங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாக இந்தப் பெட்டியைப் பார்க்கிறவன் நான். உள்ளே வருகிற காற்றைவிட வெளியே போகிற காற்றுக்கு இடம் ஜாஸ்தி வேண்டும், சூடானால் அது பெருகும் என்று புதிதாக வருகிற எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! அதே நான் விமானத்தின் மூக்கை மட்டுமே ஒரு மாசமாகக் குடைந்துகொண்டிருந்தேன். எல்லோரும் போட்டோ எடுக்கிற பக்கம் என்பதால் நானும் அந்தப் பக்கத்தையே பார்த்தேன். பின்னால் அந்த உருண்டை மூக்கு உடம்போடு ஈ நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தது. அப்படிப் பொருத்தியவனும் நான்தான். பொருத்திவிட்டுப் பெருமையும் பட்டேன்.

சின்னவரிடம் போய், மூக்கின் பின்னோரத்தை வெட்ட வேண்டும் என்றேன். அவர் பதறிவிட்டார். "வெட்டினா ஸ்கேல் போய்டும் தோஸ்த். அசல்ல இல்லாதத எப்டிப் போட முடியும்?"

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அசல் விமானத்தின் போட்டோக்களைப் போனில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் பின்னோரத்தைச் சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள்! ஓடும்போது அவை மீன் செவுள் மாதிரி விரிந்திருந்தன. எங்கள் மாடலிலும் அதே இடத்தில் கோடுகள் இருந்தன. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மாடலைச் செய்து விற்றவன் கதவுக்குக் கோடு மட்டும் போட்டுவிட்டுத் திறக்காமல் விட்டிருக்கிறான். போட்டோவைச் சின்னவரிடம் காட்டினேன். அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஸ்கேல் இன்னும் சூப்பரா ஆய்டும் தோஸ்த்!"

கோட்டின் மேலேயே வெட்டி ஒவ்வொரு கதவையும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே வளைத்தேன். சூட்டுப் பெட்டியில் மிச்சமான அலுமினியத் தகட்டை வெட்டி, வருகிற காற்று நேராகச் சிலிண்டர் மேலேயே போய் விழுமாறு உள்ளே ஒரு தடுப்பு வைத்தேன். தூணில் கட்டி ஓடவிட்டேன். பத்து நிமிஷம் முழு வேகம். நூற்றிருபதுக்கு மேல் ஏறவில்லை. சத்தத்தில் ஒரு சுருதி பிசகவில்லை. பின்கதவுகள் வழியாக வந்த சூடான காற்றில் கையை வைத்தேன், எண்ணெய் வாடையோடு சுடச்சுட வெளியே போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்காமல் நின்றேன். அன்றைக்கு மனைவிக்கு நானே போன் செய்து, "ஞாயித்துக்கெழம முடிஞ்சிடும். திங்கக்கெழம லெட்டரோட வர்றேன்" என்றேன். திங்கட்கிழமைதான் அவர்கள் சொன்ன பதினைந்தாம் தேதி.

"நிச்சயமா?" என்றாள்.

"நிச்சயம்."

"பாப்பாகிட்ட சொல்லவா?"

"சொல்லு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பனி லேசாக இருந்தது. தூரத்தில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். சோக்கை மூடி, கையுறையைப் போட்டு விசிறியை நான்கு தடவை சுண்டினேன், ஒரு தும்மல் போட்டது. சோக்கைத் திறந்து ஒரே சுண்டல், பிடித்துக்கொண்டது. வாலைப் பிடித்தபடி, "சார், நாளைக்குக் கடைசி நாள்" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தலையசைத்தார். வாலை விட்டேன்.

எட்டு நிமிஷம் பறந்தது. மேலே போய்க் குட்டிக்கரணம் போட்டது, தலைக்கு மேலே தாழ்வாக வந்து போனது, ஒரு இடத்தில்கூடச் சத்தம் தொய்யவில்லை. இறங்கி நின்றதும் துப்பாக்கியை அமுக்கினேன். நூற்றுப் பதினைந்து. சின்னவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நிஜமாகவே நின்றது.

பெட்ரோல் ஊற்றிக்கொண்டே கேட்டேன். "சார், அந்த லெட்டர்..."

அவர் என் தோளில் கை போட்டார். "தோஸ்த், மனசத் தொட்டுச் சொல்லு. இப்டி இன்ஜின் செட் பண்றவன வுட்டுட்டு நான் யாரத் தேடிப் போவேன்? ரெட்டை இன்ஜின் பிளேன் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன், ரெண்டு மாசத்துல வந்துடும். ரெண்டு இன்ஜினும் ஒரே மாதிரி ஓடணும், இல்லைன்னா அவ்ளோதான். உன்னை வுட்டா அத யாரு பாப்பா?" நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைக் கழற்றினார். பட்டையை என் தலை வழியாகப் போட்டார். "இந்தா. இந்த ஃப்ளைட் நீதான் ஓட்டுற. ஒம்போது வருஷமா வாலையே புடிச்சிட்டு இருக்க, எனக்கே பேஜாரா இருக்குது. இன்னிக்கி நான் புடிக்கிறேன்."

அவர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளைப் பேன்ட்டில், ஏரி மண்ணில். வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்த இடத்தில் ரிமோட்டைக் கழற்றி வேன் மேல் வைத்துவிட்டு, லெட்டரில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இதை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் வருகிறது. அன்றைக்கு நான் செய்தது தலையசைத்தது. அவர் வாலை விட்டார்.

ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்ததில் கை தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. விமானம் ஓடி, எழும்பி, ஏரிக்கு அப்பால் இருக்கிற மலைக்கு மேலே போனது. பக்கத்தில் வந்து நின்ற சின்னவர் இடது, வலது என்று சொல்லிக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார். இடது கட்டை விரலுக்கு அடியில் இன்ஜின் இருந்தது. மெல்ல இழுத்தால் மேலே அங்கே சத்தம் இறங்கியது. மெல்லத் தள்ளினால் ஏறியது. காதை வைத்து நான் திருகி வைத்த அந்த இடம், ஒரு நூல் முன்னால் விட்ட அந்த இடம், அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குப் பதில் சொன்னது. பெரிய வட்டம் போட்டேன். இன்னொரு வட்டம் போட்டேன். லெட்டர் ஞாபகம் இல்லை. ஓசூர் ஞாபகம் இல்லை. மகளிடம் சொல்லச் சொன்னதும் ஞாபகம் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். அன்றைக்கு நடந்ததிலேயே சொல்ல வெட்கமாக இருப்பது இதுதான்.

இறக்க எனக்குத் தெரியவில்லை. கிட்டே வரவர விமானம் எந்தப் பக்கம் திரும்பும் என்று குழம்பிவிட்டது. "சார், சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ரிமோட்டை என் கழுத்திலிருந்து கழற்றாமலே, என் கைகளுக்கு மேல் கைகளை வைத்து இறக்கினார். புதருக்குப் பத்தடி முன்னால் வந்து நின்றது.

அவர் வேனில் டீ பிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி. ஓசூர்ச் சபையில் ஆராதனை ஆறு மணிக்கே, முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் போல. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"இன்னா ஆச்சு? பறந்துச்சா?"

"பறந்துச்சு."

"நல்லா?"

"ரொம்ப நல்லா."

"அப்பாடா" என்றாள். "லெட்டர் குடுத்தாரா?"

இன்ஜின் ஆறும்போது டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அது காலடியில் வந்துகொண்டிருந்தது.

"ரிமோட் குடுத்தார்" என்றேன்.

குக்கர் இன்னொரு விசில் விட்டது. அவள் அடுப்பை அணைத்த சத்தமும் கேட்டது.

"நீங்க வாங்கிக்கினீங்களா?"

"வாங்கிக்கினேன்" என்றேன்.

சரி என்றாள். எப்போதும் போனை வைப்பதற்கு முன்னால் மகளிடம் கொடுப்பாள். அன்றைக்குக் கொடுக்கவில்லை.